கைமாறிய பிறகே பந்தயக் கார்: ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பழைய கார்ச் சந்தையும்

இந்திய மோட்டார்ப் பந்தயத்தின் வரலாறு பெரும்பாலும் மூன்று வகை மனிதர்களைச் சுற்றியே எழுதப்படுகிறது: சமஸ்தான இளவரசர்கள், தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகள், ஐரோப்பாவுக்குச் சென்று போட்டியிட்ட வீரர்கள். இந்தியக் கார்த் தொழிலின் வரலாறு தொழிற்சாலை, உரிமம், உற்பத்தி எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு எழுதப்படுகிறது. இரண்டிலும் விடுபட்டுப்போன ஒன்று உண்டு. அது கைமாறிய கார். முதல் உரிமையாளர் விற்று, இரண்டாமவரோ மூன்றாமவரோ வாங்கி, பட்டறையில் கழற்றி மாற்றி ஓட்டிய கார்.

நடுத்தர வருவாய்க்காரர் வாங்கக்கூடிய விரைவுக் காரை இந்தியத் தொழிற்சாலைகள் நெடுங்காலம் தயாரிக்கவே இல்லை. ஆயினும் அத்தகைய கார்கள் இருந்தன, ஓடின, பந்தயங்களில் கலந்துகொண்டன. அவை உருவான இடம் தொழிற்சாலை அன்று, இரண்டாம் விற்பனை. சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு மிகத் தெளிவான சான்று.

சொல் வழக்கிலும் இந்த வரலாற்றின் தடயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பது கட்டமைப்பைக் கொண்டு இடப்பட்ட பெயர். இரண்டு இருக்கை, தாழ்ந்த உடல், குறைந்த எடை என்னும் இலக்கணத்துக்கு உட்பட்ட வண்டி பந்தயத்தையே காணாவிட்டாலும் ஸ்போர்ட்ஸ் கார்தான். தமிழில் வழங்கும் ‘பந்தயக் கார்’ பயன்பாட்டைக் கொண்டு இடப்பட்ட பெயர். பந்தயத்தில் ஓடினால் எந்தக் காரும் பந்தயக் காராகும். முதற்சொல் தொழிற்சாலையின் பார்வையிலிருந்து பிறக்கிறது. பிற்சொல் ஓட்டுபவரின் பார்வையிலிருந்து பிறக்கிறது. இந்தியாவின் நிலைமைக்குப் பிற்சொல்லே பொருந்தியது. இங்கே காரின் வகையைத் தீர்மானித்தவர் அதைக் கட்டியவர் அல்லர், வாங்கியவர்.

இதைப் புரிந்துகொள்ள விடுதலைக்குப் பிந்தைய கார்ச் சந்தையின் அமைப்பை முதலில் காண வேண்டும். முழுமையாகக் கட்டப்பட்ட கார்களின் இறக்குமதி 1949-இல் தடைசெய்யப்பட்டது. உள்நாட்டில் உதிரி பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறுமனே பொருத்தி விற்கும் நிறுவனங்கள் தொடரக் கூடாது என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் அடுத்த ஆண்டே வெளியேறின. பயணிகள் கார் வாங்க விரும்பியவருக்கு நடைமுறையில் மூன்று பெயர்களே எஞ்சின: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்டு.

தேவை மிகுதி, உற்பத்தி குறைவு. காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. எல்லாவற்றிலும் நீண்டது ஃபியட்டின் பட்டியல். புதிய காரை யார் யாருக்கு விற்கலாம் என்பதை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 1959-இல் மோட்டார் கார்கள் (விநியோகம், விற்பனை) கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. ஒதுக்கீட்டில் கார் பெற்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் அதனை விற்கக் கூடாது என்பது அக்கட்டுப்பாட்டின் முக்கியக் கூறு. விலையும் கட்டுப்படுத்தப்பட்டது. 1969-இல் அரசு சட்டப்படி விலை நிர்ணயித்தது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1971-இல் தீர்ப்பு வந்தது.

இக்கட்டுப்பாடுகளின் விளைவு பழைய காரின் விலையில் வெளிப்பட்டது. புதிய காரின் விலையை அரசு நிர்ணயித்தது. பழைய காரின் விலையையோ சந்தை நிர்ணயித்தது. எனவே சில ஆண்டுகள் ஓடிய ஃபியட், பட்டியலில் உள்ள புதிய ஃபியட்டின் விலையைவிடக் கூடுதலாக விற்பனையாவது வியப்புக்குரிய செய்தியாக இருக்கவில்லை. காத்திருக்கும் ஆண்டுகளுக்கும் சேர்த்தே வாங்குபவர் பணம் கொடுத்தார். பழையது என்றால் மலிவு என்ற பொதுவிதி இங்கே தலைகீழானது.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் சட்டப்படியான ஒரு வழி இருந்தது. தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த கார்களை அரசு வணிகக் கழகம் பெற்று ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்றது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வந்துசேர்ந்த எம்.ஜி. போன்ற இரட்டை இருக்கை வண்டிகளும் கைமாறிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த வழி எளியவர்க்கு உரியதன்று. விலை ஒரு தடை. உதிரி பாகம் அதைவிடப் பெரிய தடை. இறக்குமதி அடைபட்ட நாட்டில் ஒரு பிஸ்டன் வளையத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க இயலாதவர் வேறு வழி தேடவேண்டியிருந்தது.

அந்த வேறு வழியாக ஹெரால்டு அமைந்ததற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருந்தது. 1953-இல் இங்கிலாந்தில் ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் கார் உடல் தயாரிப்பு நிறுவனத்தை பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனிடமிருந்து உடல்களைப் பெற்றுவந்த ஸ்டாண்டர்டு நிறுவனம், போட்டியாளரை நம்பியிருக்க வேண்டிய நெருக்கடிக்கு உள்ளானது. முழு உடலையும் ஒரே கூடாக வார்க்கும் புதிய முறைக்கு உரிய வசதி அதனிடம் இல்லை. ஆகவே பழைய முறைக்குத் திரும்பி, தனிச் சட்டகத்தின் மீது பகுதி பகுதியாக உடலைப் போல்ட்டு கொண்டு இணைக்கும் காரை வடிவமைத்தது. இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலாட்டி அதன் தோற்றத்தை வரைந்தார். 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. அதே சட்டகத்தைக் குறுக்கி, அதே குடும்ப எஞ்சினை வைத்து 1962-இல் வெளியான இரட்டை இருக்கை வண்டிதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மலிவான ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களில் பெயர்பெற்ற ஒன்று.

ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை. அதன் மூத்த உறவான ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரானது. 948 கன செ.மீ. எஞ்சின், 40-க்கும் குறைந்த குதிரைத்திறன், ஏறத்தாழ 800 கிலோ எடை. எண்கள் பெருமைப்படத்தக்கவை அல்ல. ஆனால் அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இல்லாத மூன்று பண்புகள் ஹெரால்டில் இருந்தன. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் ஒன்று. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஸ்டியரிங் இரண்டு. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகக் கவிழ்ந்து திறக்க, எஞ்சினும் முன் சக்கர உறுப்புகளும் கைக்கு எட்டும்படி வெளிப்படும் அமைப்பு மூன்று. இவற்றுக்கு மேலாக, உடலைக் கழற்றி எடுத்தாலும் சட்டகம் தனித்து ஓடக்கூடியது. மூன்று இந்தியக் கார்களில் இந்தத் தகுதி ஹெரால்டுக்கு மட்டுமே இருந்தது.

இதே பண்புகள்தாம் குடும்பத்தலைவர்களிடம் ஹெரால்டின் பெயரைக் கெடுத்தன. இரண்டு கதவு மட்டுமே உள்ள வண்டியில் முதியவர்கள் பின்னிருக்கைக்குச் செல்வது கடினம். பின் சக்கரங்களின் அச்சுகள் நடுவிலிருந்து ஊசலாடும் வகையின. பாரம் ஏறினால் சக்கரங்களின் அடிப்பகுதி வெளிப்புறம் அகன்று சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேய்ந்தது. ஆளில்லாமல் விரைந்து செல்லும்போது வளைவில் திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி தூக்கி, வெளிச் சக்கரம் உள்ளே மடிந்து, வண்டி சுழன்றுவிடும் அபாயமும் உண்டு. போல்ட்டு கொண்டு இணைத்த உடலின் பகுதிகள் மேடுபள்ளச் சாலையில் தளர்ந்து ஒலி எழுப்பின.

இவற்றோடு பராமரிப்புக் குறை ஒன்றும் சேர்ந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் கீழ்முனை டிரன்னியன் எனப்படும் பித்தளை உறுப்பில் திருகப்பட்டுச் சுழல்வது. அதற்குக் கியர் எண்ணெய் இடவேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. மற்ற வண்டிகளில் அதுபோன்ற இடங்களில் கிரீஸ் அடிப்பதே பட்டறை வழக்கம். கிரீஸ் திருகின் அடிவரை இறங்குவதில்லை. ஈரம் புகுந்து உலோகம் அரிக்கிறது. ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்குகிறது. உலகெங்கும் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் உரிமையாளர்கள் அறிந்த குறை இது. காரணம் எண்ணெயா கிரீஸா என்பதை ஆராயாதவருக்கு வண்டியே நம்பத்தகாதது என்ற முடிவுதான் மிஞ்சும்.

நிறுவனம் இந்தத் தயக்கத்தை அறிந்தே இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை இந்தியாவுக்கென உருவாக்கியது. 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கேசலில் ஊசலாடும் பின் அச்சு கைவிடப்பட்டு, அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் உள்ளதைப் போன்ற முழு அச்சு பொருத்தப்பட்டது. விரைவுக் காருக்கு உரிய கூறுகளை ஒவ்வொன்றாக நீக்கியே ஹெரால்டைக் குடும்பக் காராக்க முடிந்தது என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன. 1977-இல் கேசலின் உற்பத்தியும் நின்றது.

பழைய கார்ச் சந்தையில் ஃபியட்டுக்கு இருந்த கிராக்கி ஹெரால்டுக்கு இல்லை. குடும்பத்துக்குப் பொருந்தாதவை என்று ஒதுக்கப்பட்ட பண்புகளே அதன் விலையைத் தாழ்த்தின. அதே பண்புகளே வேகம் விரும்பியவர்க்கு அதைத் தகுதியாக்கின. கட்டுப்பாட்டுச் சந்தையில் பழைய கார் மலிவாகக் கிடைக்க ஒரு வழி, பிறர் வேண்டாமென்று சொல்லும் காரை வாங்குவதாக இருந்தது.

வாங்கியவர் முதலில் செய்தவை எளியவை. பின்பக்கக் குறுக்கு வில்தட்டின் உயரத்தைக் குறைத்தால் பின் சக்கரங்கள் சற்றே உள்சாய்ந்து நிற்கும். வளைவில் மடியும் இயல்பு பெரிதும் கட்டுப்படும். எஞ்சின் தலைப்பகுதியின் அடிப்பரப்பைக் கடைசலில் சற்றுக் குறைத்தால் அழுத்த விகிதம் உயரும். உள்ளிழுக்கும் வழிகளையும் வெளியேற்றும் வழிகளையும் அரத்தாலும் உப்புத்தாளாலும் வழவழப்பாக்கினால் எஞ்சின் எளிதாக மூச்சுவிடும். பின்னிருக்கை, பம்பர், உள்மெத்தை ஆகியவற்றை நீக்கினால் எடை குறையும். இவற்றுக்கு இறக்குமதி உரிமம் தேவையில்லை. தேவைப்பட்டவை ஒரு கடைசல் இயந்திரம், பொறுமையுள்ள ஒரு மெக்கானிக், புதுப்பேட்டையில் உடைக்கப்படும் வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்கள் ஆகியவையே. இன்னும் துணிந்தவர்கள் உடலையே நீக்கிவிட்டுச் சட்டகத்தின் மீது தகரத்தாலோ கண்ணாடி இழையாலோ புதிய உடல் கட்டினர்.

அந்த வண்டிகளுக்கு ஒரு களமும் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தனர். கோண்டல் அரச குடும்பத்தினரும் பின்னர் விஜய் மல்லையாவும் இறக்குமதி வண்டிகளில் ஓடிய அதே ஓடுதளத்தில், இந்தியத் தயாரிப்புக் கார்களுக்கெனத் தனிப் பிரிவுகளும் இருந்தன. செய்தித்தாள்கள் பெரிய வண்டிகளைப் படமெடுத்தன. களத்தை நிரப்பியவை ஃபியட்டும் ஹெரால்டும் அவற்றின் உறுப்புகளால் கட்டிய வண்டிகளும். இந்தியக் கார்களில் பந்தயத்தில் மிகுதியாகப் புகழ் ஈட்டியது ஃபியட்டே என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் ஃபியட் விலைமதிப்புள்ள சொத்து. பந்தயத்தில் நொறுங்கினால் இழப்புப் பெரிது. ஹெரால்டின் குறைந்த விலை, தவறு செய்து கற்றுக்கொள்ளும் உரிமையைத் தந்தது.

கைமாறிய கார் ஒன்று விரைவுக் காராக மாறுவதற்கு மூன்று தேவை: ஊரை விட்டுப் போவதால் விற்பவர்கள், பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள், உதிரி பாகங்கள். இம்மூன்றும் இயல்பாகக் கூடிய இடங்கள் இராணுவக் குடியிருப்பு நகரங்கள். தென்னிந்தியாவில் பெங்களூருக்கு அடுத்து இவ்வகையில் குறிப்பிடத்தக்கது செகந்திராபாத். அதன் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று மாரெட்பள்ளி.

1798-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப்பகுதியில் நிறுத்தப்பட்ட துணைப்படை சென்னை இராணுவத்தைச் சேர்ந்தது. அதன் முகாமைச் சுற்றி எழுந்த ஊருக்கு 1806-இல் சிக்கந்தர் ஜாவின் பெயர் வழங்கப்பட்டது. படையோடு தமிழ்ச் சிப்பாய்களும் கணக்கர்களும் வணிகர்களும் வந்தனர். 1862-இல் சோமசுந்தரம் முதலியார் நிறுவிய பள்ளியே பிற்காலத்து மகபூப் கல்லூரி. பத்மாராவ் நகரின் ஸ்கந்தகிரி முருகன் கோயிலும் மாரெட்பள்ளியின் தமிழ்க் குடும்பங்களும் அந்த நீண்ட குடியேற்றத்தின் தொடர்ச்சி. சென்னை இவர்களுக்குத் தொலைதூர நகரமன்று. உறவினர் வாழும் ஊர். சென்னையில் தயாரான கார், அங்கே பதிவான கார், அங்கே ஒரு சிற்றப்பாவோ மாமாவோ விற்க விரும்பும் கார் பற்றிய செய்தி இத்தகைய உறவுகளின் வழியாகவே பயணம் செய்தது.

இராணுவப் பணியிட மாற்றம் மற்றொரு வழி. மாற்றல் ஆணை கிடைத்த அதிகாரிக்குக் காரைக் கொண்டுசெல்வதைவிட விற்றுவிடுவது எளிது. வாங்குபவர் கண்முன்னே ஓடிய வண்டி அது; யார் ஓட்டினார், எப்படிப் பராமரித்தார் என்பது தெருவுக்கே தெரியும். பட்டறை அறிவுக்கும் குறைவில்லை. இராணுவத்தின் மின்-இயந்திரப் பொறியியல் கல்லூரியும் பயிற்சி மையமும் செகந்திராபாத்தில் உள்ளன. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கப் பயின்றவர்கள் ஓய்வுபெற்றுத் தங்கும் ஊர் அது. சற்றுத் தொலைவிலுள்ள ராணிகஞ்சில் மோட்டார் உதிரி பாகக் கடைகளும் இரும்புக் கடைகளும் வரிசையாக உள்ளன. சுற்றுச்சுவரும் முற்றமும் கொண்ட மாரெட்பள்ளியின் பழைய தனிவீடுகள், ஒரு வண்டியை மாதக்கணக்கில் பிரித்துப் போட்டிருக்க இடம் தந்தன. அந்த வீடுகள் அடுக்குமாடிக் கட்டடங்களாக மாறியபோது இழக்கப்பட்டவற்றுள் இந்த இடமும் ஒன்று. ஓடாத காரை நிறுத்திவைக்க அடுக்குமாடியின் அடித்தளத்தில் இடம் கிடைப்பதில்லை.

வண்டி கைமாறுவது ஒன்று, பெயர் மாறுவது வேறு. சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமையாளர். இரண்டு ஆண்டு விற்பனைத் தடை இருந்த காலத்தில் பணமும் சாவியும் கைமாறி, பெயர் மட்டும் முதலாமவருடையதாகவே இருக்கும் ஏற்பாடு இலாபகரமானதாகத் தோன்றியிருக்கும். தடை நீங்கிய பின்னும் அந்த அலட்சியம் நீங்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் அதே மாநிலத்துக்குள் எனில் 14 நாட்களிலும் வேறு மாநிலம் எனில் 45 நாட்களிலும் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாட்களில் தெரிவிக்கவேண்டும். பலர் கைமாறிய கார் ஒன்று ஏற்படுத்திய விபத்துத் தொடர்பான வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் காரின் சுமை முதல் உரிமையாளரை விட்டு அகல்வதில்லை.

மாநிலம் மாறினால் சிக்கல் கூடுகிறது. சென்னையில் பதிவான வண்டி மாரெட்பள்ளியில் 12 மாதங்களுக்கு மேல் நின்றால் 47-ஆம் பிரிவின்படி புதிய பதிவெண் பெறவேண்டும். தமிழ்நாட்டின் தடையின்மைச் சான்று வேண்டும்; ஆயுள்வரி இங்கே மீண்டும் கேட்கப்படும். பதிவெண்ணின் முன்னெழுத்துகளே இப்பகுதியின் அரசியல் வரலாற்றைச் சொல்கின்றன: ஆந்திரப் பிரதேசமாக இருந்தபோது ஏ.பி., 2014-இல் தெலங்கானா உருவானபின் டி.எஸ்., 2024 மார்ச்சு முதல் டி.ஜி. ஒரே தெருவில் மூன்றையும் காணலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது இந்தச் சந்தையின் அடித்தளத்தை மாற்றியது. புதிய கார் படிப்படியாகக் காத்திருக்காமல் கிடைக்கத் தொடங்கியதும் பழைய கார் உண்மையாகவே மலிவானது. ஹெரால்டின் இடத்தை மாருதி பெற்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பின்பகுதியில் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்தார். 1988-இல் அது தனிப் போட்டிப் பிரிவாகவே தொடங்கியது. பின்னாளில் ஃபார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியவற்றுள் அவ்வகை வண்டியும் ஒன்று. சோழவரத்துக்குப் பதிலாக இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை 1990-இல் திறக்கப்பட்டது. அங்கே நெடுங்காலம் ஓடியவற்றுள் மாருதி எஸ்டீமும் ஒன்று. அதுவும் குடும்பக் காராக விற்கப்பட்டதே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். சாலையில் கிடைக்கும் மலிவான எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார் கட்டுவது என்ற அவருடைய வழி, சோழவரத்துப் பட்டறைகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததன் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவமே.

மலிவு ஸ்போர்ட்ஸ் காரைத் தொழிற்சாலையிலிருந்தே புதிதாகத் தரும் முயற்சியும் நடந்தது. சான் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட சான் ஸ்டார்ம், கண்ணாடி இழை உடலும் சிறிய ரெனோ எஞ்சினும் கொண்ட திறந்த இரட்டை இருக்கை வண்டி. இலக்கணப்படி அது முழுமையான ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் பெரிய அளவில் விற்பனையாகவில்லை. இரண்டு பேர் மட்டுமே அமரும் காரைப் புதிதாக வாங்கக்கூடிய குடும்பத்திடம் பெரும்பாலும் வேறொரு காரும் இருந்தாகவேண்டும். இந்திய வாங்குநர் விரும்பியதும் வாங்க இயன்றதும் ஒன்றல்ல என்பதை, ஹெரால்டின் கதை ஒரு முனையிலும் சான் ஸ்டார்மின் கதை மறுமுனையிலும் காட்டுகின்றன.

சட்டம் இன்று மற்றொரு திசையிலிருந்து கைமாறிய காரை அணுகுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆணை விற்பனையைக் கட்டுப்படுத்தியது. இன்றைய சட்டம் உடலையும் வயதையும் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 52-ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் விளக்கமளித்தது. 15 ஆண்டுகள் நிறைந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு அது 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயானது. மறுபுறம், 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்யும் விதிகள் 2021 ஜூலையில் வந்தன. முதற்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பெரிய அளவில் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கவேண்டும்; அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது.

சாலைப் பாதுகாப்பையும் காற்றின் தூய்மையையும் கருதும்போது இவ்விதிகளுக்கு நியாயம் உண்டு. தேர்ச்சியற்ற கை வெட்டிய சட்டகம் பிறருடைய உயிருக்கும் ஆபத்து. ஆயினும் அவற்றின் வரலாற்று விளைவைக் கவனிக்கவேண்டும். எந்த மாற்றமும் செய்யப்படாத ஹெரால்டு மரபுச் செல்வமாகிறது. சோழவரத்துக்காகத் தாழ்த்தி, கடைந்து, இலேசாக்கிய ஹெரால்டு விதிமீறலாகிறது. முதல் உரிமையாளரின் கார் பாதுகாக்கப்படுகிறது. இரண்டாம் உரிமையாளரின் கார் அழிகிறது. இந்தியாவில் மலிவான பந்தயக் காரை உண்மையில் உருவாக்கிய உழைப்பு எதுவோ, அதுவே ஆவணத்திலிருந்து நீங்குகிறது.

2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர் ஏரிக்கரையில் ஃபார்முலா ஈ மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்தது. மாரெட்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் அந்தப் பாதை. பந்தயம் இதுவரை இல்லாத அளவுக்கு அருகில் வந்தது. ஆனால் அங்கு ஓடிய எந்த வண்டியும் பிறகு ராணிகஞ்சில் பாகம் தேடிப் பழுதுபார்க்கக்கூடியதாகக் கைமாறப்போவதில்லை. பார்வையாளர் வண்டிக்காரராகும் பழைய வழி அங்கே இல்லை. இன்று பந்தயத்தைத் தொடங்கும் சிறுவனுக்குக் கார்ட் வண்டிகளும் பயிற்சிப் பள்ளிகளும் உள்ளன. அவற்றுக்குக் கட்டணம் செலுத்தக்கூடிய பெற்றோரும் தேவை. பழைய ஹெரால்டு கேட்டது அதைவிடக் குறைந்த பணமும் அதைவிட மிகுந்த நேரமும்.

இந்த வரலாற்றை எழுதுவதற்கான மூலங்கள் நிறுவன ஆண்டறிக்கைகளில் கிடைக்கமாட்டா. அவை பதிவுப் புத்தகங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட பெயர் மாற்றங்களிலும், பந்தயக் கழகங்களின் நுழைவுப் பட்டியல்களிலும், கடைசல் பட்டறைகளின் கணக்கேடுகளிலும், முதிய மெக்கானிக்குகளின் நினைவிலும் இருக்கின்றன. பதிவுப் புத்தகம் கார் கழிக்கப்படும்போது அழிகிறது. மெக்கானிக்குகளோ எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். தொழில்நுட்ப வரலாற்றில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் உற்பத்தி நாளோடு நிறுத்திக்கொள்ளாமல் பெயர் மாற்ற நாளிலிருந்து தொடங்கினால், தொழிற்சாலை விட்டுச் சென்ற வேலையை யார், எங்கே, எந்தக் கருவிகொண்டு முடித்தார்கள் என்பது தெரியவரும். அந்தக் கேள்விகளுக்கு விடைசொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே அதைச் செய்தாகவேண்டும்.